ஹனா பார்க்கும்போது யாரும் கதைப்பதில்லை

மகன், உனக்கும் அந்த அறையில் உன்னோடு படுக்கிற மற்றவர்களுக்கும் என் ஸலாம். வீட்டிலிருந்து வருவதை நீங்கள் ஒருவருக்கொருவர் வாசித்துக் காட்டுவீர்கள் என்று முன்பு சொல்லியிருக்கிறாய். இதையும் வாசித்துக் காட்டு, அவர்களுக்கும் ஊரில் பிள்ளைகள் இருக்கிறார்கள். இதைக் குரலில் சொல்லிப் போனில் அனுப்பியிருக்கலாம். கற்பிட்டிக் கரையில் இத்தனை வருடமாக மீன் ஏலம் கூறுகிறவனுக்குக் கடதாசியும் பேனையும் என்னத்துக்கு என்று உன் உம்மாவும் கேட்டாள். ஆனால் நீ என் குரலை வேகமாக்கிக் கேட்கிறவன் என்று எனக்குத் தெரியும். பெருநாளைக்கு நான் அனுப்பியதை அப்படித்தான் கேட்டாய். கடைசியில் சொன்னது ஒன்றும் உனக்கு விளங்கவில்லை. கடதாசியை வேகமாக்க முடியாது. எழுதி முடித்ததும் உன் பெண்சாதி ரிஸ்னா படம் பிடித்து அனுப்புவாள்.

போன வெள்ளிக்கிழமை நீ சொன்னதற்குத்தான் இது பதில். மாத முடிவில் அங்கே வேலைக்கு இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போடப் போகிறேன், நடுவில் லீவும் இல்லை என்றாய். உன் மகள் ஹனாவைக் கொஞ்சம் நினைத்துப் பார் என்றேன். "அவளுக்கு நான் தெரியப்போறதில்லதானே வாப்பா. நான் இங்க இருந்தா என்ன, அங்க இருந்தா என்ன? இங்க இருந்தா காசாவது வரும்" என்றாய். போனைச் சத்தமாக வைத்திருந்தேன். உன் பெண்சாதி குசினியில் நின்றாள், அவளுக்கும் கேட்டது. அவள் ரொட்டியைப் புரட்டிப் போட்டாள். நோன்புக்குப் பிறகு நீ பிள்ளையை போனில் முகம் பார்த்துக் கதைக்கிற கோல் எடுப்பதையே விட்டுவிட்டாய். அவள் திரையைப் பார்க்காமல் வேறு எங்கேயோ பார்க்கிறாள், அதைக் கண்கொண்டு பார்க்க முடியவில்லை என்று ரிஸ்னாவிடம் சொன்னாயாம்.

கையெழுத்துப் போடாதே என்று நான் சொல்லப்போவதில்லை. பாதியில் நிற்கிற உன் வீட்டுச் சுவரை நானும் ஒவ்வொரு நாளும் பார்த்துக்கொண்டுதான் துறைக்குப் போகிறேன். ஆனால் ஹனாவைப் பற்றி உனக்குத் தெரிந்ததெல்லாம் பழைய கதை. இங்கே நடந்தது தெரியாமல் போடாதே, அவ்வளவுதான் நான் கேட்பது. கோபத்தில் எழுதுகிறேன் என்றும் நினைக்காதே. கோபம் வந்தால் நல்லது என்றுதான் நானும் பார்க்கிறேன், வருவதில்லை. பிள்ளையைப் பற்றி டொக்டர் சொன்ன நாளிலிருந்து எனக்குள்ளே ஒன்றும் அசைவதில்லை. நெடுநேரம் மடித்து உட்கார்ந்தால் கால் விறைத்துப்போகுமே, அப்படி இருக்கிறது. என் கால்தான், ஆனால் கிள்ளினால் தெரியாது.

உன் அறைக்காரர்களுக்குத் தெரியாதது ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவார். ரிஸ்னாவுக்கு உம்மா இல்லை, வீடும் இன்னும் எழும்பவில்லை. அதனால் அவளும் பிள்ளையும் எங்களோடு இருக்கிறார்கள். ஹனாவுக்கு இப்போது மூன்றாவது வயது நடக்கிறது.

நீ லீவில் வந்தபோது அவள் தவழத் தொடங்கவில்லை. நீ தூக்கினால் உன் முகத்தைப் பார்க்க மாட்டாள். தலையை நிமிர்த்தி பல்ப்பையே பார்த்துக்கொண்டிருப்பாள். "இவ கரண்ட் ஓபிஸ்லதான் வேலைக்குப் போகப்போறா" என்று நீ பகிடி விட்டாய். எல்லோரும் சிரித்தோம். நீ போன பிறகு உம்மாதான் முதலில் கவனித்தாள். பால் போத்தலை நேரே நீட்டினால் பிள்ளை கையை நீட்டுவதில்லை; மூடி கழற்றுகிற சத்தம் கேட்டால்தான் வாயைத் திறக்கும். கண்ணூறு என்றார்கள். பள்ளிவாசல் லெப்பையைக் கூப்பிட்டு ஓதி ஊதினோம். பிறகு சிலாபத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கண் டொக்டர் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, கண்ணில் பிழை இல்லை என்றார். உம்மா அந்த இடத்திலேயே அல்ஹம்துலில்லாஹ் என்றாள். டொக்டர் அவள் முடிக்கும் வரை பார்த்திருந்துவிட்டு மீதியைச் சொன்னார். கண் பார்க்கிறது, பார்த்ததை மூளை எடுத்துக்கொள்ளவில்லை. பிறக்கிற நேரம் மூச்சு எடுக்கச் சுணங்கிய பிள்ளைகளில் சிலருக்கு இப்படி வருமாம். ஆனால் சின்ன வயதில் மூளை பழகக்கூடியது, பார்க்கப் பழக்க வேண்டிய வயது இதுதான், கொழும்பில் பயிற்சி கொடுக்கிற இடம் இருக்கிறது, சுணங்காமல் கொண்டுபோங்கள் என்றார்.

திரும்பி வரும்போது முந்தலில் பஸ் நின்றது. இறங்கி இறால் வடை வாங்கினேன். சூடாக இருந்தது, நல்ல ருசி. இன்னொன்றும் வாங்கிச் சாப்பிட்டேன். பக்கத்தில் ரிஸ்னா பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பேத்திக்குப் பார்வை இல்லை என்று கேட்டுவிட்டு வந்து இந்த மனிசன் வடை தின்கிறான் என்று எனக்கே விளங்கியது. விளங்கியும் கடைசி வாய்வரை சாப்பிட்டேன். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு நித்திரை ஆகிவிட்டேன். அன்றைக்குத் தொடங்கியதுதான் இந்த விறைப்பு.

நம் ஆட்களை உனக்குத் தெரியும். செய்தி கேள்விப்பட்டதும் ஊரே வந்தது. வெறுங்கையோடு ஒருவரும் வரவில்லை. கிலுக்கு, மணி, பாட்டுப் பாடுகிற வாத்து, கத்திக்கொண்டு ஓடுகிற யானை என்று வீடு நிறைந்துவிட்டது. வந்தவர்கள் எல்லோரும் பிள்ளையின் முகத்துக்கு நேரே குனிந்து, "இங்க பாருங்க, சாச்சியப் பாருங்க, இங்க, இங்க" என்று கூப்பிட்டார்கள். அன்பை நாம் சத்தத்தில்தான் காட்டுகிறோம். அதில் பெரிய ஆள் நான். வேலை முடிந்து வந்ததும் போட்டிருந்த சேட்டைக்கூடக் கழற்றாமல் அவளுக்கு முன்னால் உட்கார்ந்து, பாரை மீனை ஏலம் கூறுகிற மாதிரி அவளைக் கூறுவேன். "கற்பிட்டி ராசாத்தி, யாருக்கு வேணும், கேளுங்க, ஒரு தரம், ரெண்டு தரம்" என்பேன். அவள் காதை என் பக்கம் திருப்பிக் கொண்டு குலுங்கிச் சிரிப்பாள். கண் சுவரில் இருக்கும். காது திரும்பியதைப் பார்த்துவிட்டு, பிள்ளை பார்க்கத் தொடங்கிவிட்டாள் என்று நாங்கள் எங்களையே ஏமாற்றிக்கொண்டிருந்தோம்.

கொழும்பில் பயிற்சி கொடுக்கிற மிஸ் சிங்களப் பெண். அவருக்குக் கொஞ்சம் தமிழ் வரும். எனக்குச் சிலாபத்து முதலாளிமாரோடு கதைத்துக் கதைத்துச் சிங்களம் வரும். இரண்டையும் கலந்து சமாளித்தோம். முதல் நாள் அவர் பிள்ளையைத் தொடவே இல்லை. நாங்கள் பிள்ளையோடு என்ன செய்கிறோம் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "நீங்க எல்லாரும் நிறையக் கதைக்கிறது. இந்தப் பிள்ளைக்கு ஒரு நேரத்தில ஒரு வேலதான் ஏலும். கேக்கிறது, இல்லாட்டிப் பாக்கிறது. நீங்க கதைச்சா அவ கேப்பா. பாக்க மாட்டா." அதற்குப் பிறகு வீட்டில் போன் மாதிரிப் பெரிய திரை உள்ள டெப் இருக்கிறதா என்று கேட்டார். நான் ரிஸ்னாவைப் பார்த்தேன். டெப்பும் போனும் பார்த்துப் பிள்ளைகளின் கண் கெட்டுப்போகிறது என்றுதான் நம்மூரில் எல்லோரும் சொல்கிறார்கள். அதையே மிஸ்ஸிடமும் சொன்னேன். "மத்தப் பிள்ளைகளுக்கு அளவோட இருக்கத்தான் வேணும்" என்றார். "இவவுக்கு இது டீவி மாதிரி இல்ல, மருந்து மாதிரி. வெளிச்சம் உள்ளுக்குள்ள இருந்து வருது. சுத்தி எல்லாம் கறுப்பு, நடுவில ஒண்ணே ஒண்ணு. அவட மூளைக்கு அது லேசு. கொஞ்ச நேரம் போதும், பிறகு எடுத்து வைங்க."

ரிஸ்னாவின் பழைய டெப்பில் அவரே ஒரு விளையாட்டைப் போட்டுத் தந்தார். திரை முழுக்கக் கறுப்பு. நடுவில் மஞ்சள் பந்து ஒன்று வரும். கை பட்டால் டிங் என்று ஒரு சத்தம், பந்து மறைந்துவிடும், கொஞ்சம் பொறுத்துத் திரும்ப வரும். வேறு ஒன்றும் இல்லை. வீட்டில் வலைச் சாமான் கிடந்த அறையை ஒழித்தோம். உம்மாவின் பழைய கறுப்பு அபாயா ஒன்றால் ஜன்னலை மூடினோம். குர்ஆன் வைத்து ஓதுகிற ரேகால் மாதிரிச் சாய்வாக ஒரு பலகை அடித்து, பிள்ளையின் கண் உயரத்துக்கு டெப்பை நிறுத்தினேன். ரிஸ்னா அவளை மடியில் வைத்துக்கொண்டாள். பந்து வந்தது. ஒன்றும் நடக்கவில்லை.

நான் ஏலக்காரன், மகன். ஒருவன் யோசிக்கிறான் என்று தெரிந்தால் அவன் யோசித்து முடிப்பதற்குள் மீனை அடுத்தவனுக்குக் கொடுத்துவிடுவேன். பொறுத்திருப்பது நான் பழகாத வேலை. "அவட மூளைக்கு நேரம் வேணும். போதும், எழும்புவம் எண்டு உங்களுக்குத் தோணும். அதுக்குப் பிறகும் கொஞ்சம் இருங்க" என்று மிஸ் சொல்லியிருந்தார். இருந்தோம். பல நாள் சும்மா இருந்துவிட்டு எழும்பி வந்தோம். ஒரு நாள் பின்னேரம் அஸர் தொழுத பிறகு அவள் தலை மெதுவாகத் திரும்பியது. கண் அலைந்து அலைந்து வந்து பந்தில் நின்றது. உம்மா தாங்க முடியாமல் அல்ஹம்துலில்லாஹ் என்றாள். மெல்லத்தான் சொன்னாள். ஹனாவின் கண் உடனே பந்தை விட்டுவிட்டது; காது உம்மாவின் பக்கம் போய்விட்டது. "மனசுக்குள்ள சொல்லுங்க மாமி" என்றாள் ரிஸ்னா. அன்றையிலிருந்து அந்த அறைக்குள் அல்லாஹ்வைப் புகழ்வதுகூட மனசுக்குள்தான்.

கை பிறகு வந்தது. ஒரு நாள் அவளுடைய உள்ளங்கை தற்செயலாகத் திரையில் பட்டது. டிங் என்றது, பந்து போனது, வந்தது. அவள் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். நெடுநேரம் கழித்துத் திரும்ப நீட்டினாள். டிங். அதற்குப் பிறகு அந்தக் கை அவளுடையது ஆகிவிட்டது. அதுவரைக்கும் உணவு வாய்க்கு வரும், உடுப்பு மேலே வரும், யாரோ தூக்குவார்கள், யாரோ கிடத்துவார்கள். தான் கையை நீட்டினால் ஒன்று நடக்கும் என்று அவளுக்கு அந்த மஞ்சள் பந்துதான் காட்டிக்கொடுத்தது. ரிஸ்னா முக்காட்டுத் தாவணி முனையை வாயில் கடித்துக்கொண்டு சத்தம் வராமல் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. நல்ல விஷயம் நடக்கிறது என்று அறிவுக்குத் தெரிந்தது, அவ்வளவுதான்.

இனி நாங்கள் விட்ட பிழையைக் கேள். நம் ஆட்களுக்குத்தான் இப்படிப் பிழை விட வரும். விருந்தாளி வந்தால் சஹன் தட்டில் சோற்றைக் குவித்து, மேலே இறைச்சி, அதற்கும் மேலே முட்டை, ஓரத்தில் அச்சாறு என்று தட்டே தெரியாமல் மூடிவைக்கிறவர்கள் நாம். ஒன்றை மட்டும் வைத்தால் வந்தவரை அவமதித்த மாதிரி. பேத்தி பந்தைப் பார்க்கிறாள் என்று கண்டதும் எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. பாவம் பிள்ளை, ஒரே ஒரு பந்தா, அதுவும் கறுப்பிலா என்று தோன்றியது. ரிஸ்னா குளிக்கப் போன நேரம் பார்த்துப் பாட்டுக் கார்ட்டூன் ஒன்றைத் தேடிப் போட்டேன். மீன், ஆமை, வானவில், ஆடுகிற பிள்ளைகள், பின்னால் மேளம். உம்மா பக்கத்து வீட்டாரையும் கூப்பிட்டுக்கொண்டு வந்தாள். ஹனா முகத்தைத் திருப்பினாள். வெளிச்சம் போதாதாக்கும் என்று கூட்டினேன். சத்தத்தையும் கூட்டினேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு தூங்கிவிட்டாள். இப்படியே ஒரு கிழமை செய்தோம். அதற்குப் பிறகு பந்தைப் போட்டாலும் அவள் பார்க்கவில்லை. டெப்பின் வெளிச்சம் பட்டதுமே முகம் மறுபக்கம் போனது.

அந்த நேரம்தான் நீ கோல் எடுத்தாய். நடந்ததை உம்மா சொன்னாள். "டெப்பக் குடுத்து இருக்கிற கண்ணையும் கெடுக்கப் போறீங்களா? முதல்ல அத எடுத்து வைங்க வாப்பா" என்றாய். நீ சொல்வதுதான் சரி என்று எனக்கும் பட்டது. டெப்பை அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். ரிஸ்னா மாமனுக்கு முன்னால் எதிர்த்துக் கதைக்கிற பிள்ளை இல்லை. இரண்டு நாள் பார்த்துவிட்டு மிஸ்ஸுக்குக் கோல் எடுத்து, போனை என் கையில் தந்தாள். "மாமா, நீங்களே சொல்லுங்க" என்றாள். சொன்னேன். மிஸ், "ஐயோ அங்கிள். நீங்க அவவக் கூட்டத்துக்க கொண்டுபோய் விட்டிருக்கிறது. எதப் பாக்கிறது எண்டு தெரியாம அவ மூடிட்டா. கண் கெடல்ல. திரும்பப் பந்துல இருந்து தொடங்குவம்" என்றார். சாவியை எடுத்து ரிஸ்னாவிடம் கொடுத்தேன். டெப்பைப் பூட்டச் சொன்ன நீ அதற்குப் பிறகு அதைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

பந்து திரும்ப வந்து சேர நோன்பும் வந்துவிட்டது. டெப்போடு நின்றுவிடக் கூடாது, அங்கே பார்த்ததை வெளியிலும் பார்க்க வேண்டும் என்று மிஸ் சொன்னார். மஞ்சள் பிளாஸ்டிக் கரண்டி ஒன்று வாங்கினோம். எங்கள் வீட்டைப் பார், பாயில் பூ, திரைச்சீலையில் பூ, உம்மாவின் சட்டையில் பூ. அதற்குள் கரண்டி எங்கே தெரியப்போகிறது? ஒரு நாள் ரிஸ்னா கிளினிக்கிலிருந்து வந்து, பிள்ளைக்குப் பசி என்று கறுப்பு அபாயாவைக் கழற்றாமலேயே கஞ்சி தீத்த உட்கார்ந்தாள். கரண்டியை நெஞ்சுக்கு நேரே பிடித்தாள். ஹனா பார்த்தாள். சுற்றிக் கறுப்பு, நடுவில் மஞ்சள், அவளுக்குத் தெரிந்த காட்சி. ரிஸ்னா கையை அசைக்கவில்லை. கஞ்சி ஆறும்வரை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள். பிள்ளை கையை நீட்டிக் கரண்டியைப் பிடித்தாள். இப்போது இந்த வெக்கையில் வீட்டுக்குள்ளேயே அபாயா போட்டுக்கொண்டுதான் சாப்பாடு தீத்துகிறாள். என்னடி ரிஸ்னா, புதுசா தீன், மார்க்கம் எல்லாம் கூடிப்போச்சா என்று பக்கத்து வீட்டில் பகிடி பண்ணுகிறார்கள். "இது என்ட புள்ளைக்குச் சோறு தீத்துற உடுப்பு" என்று சிரித்துக்கொண்டே சொல்வாள். வேர்வையில் அவள் கழுத்தெல்லாம் கொப்பளம் போட்டிருக்கிறது. உன் பெண்சாதிக்கு எப்படி இருக்கிறது என்று நீ கேட்டு எவ்வளவு நாளாகிறது? பிள்ளையைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் பெண்சாதியைக் கேள். கலியாணத்தின்போது நான் உனக்குப் புத்தி ஒன்றும் சொல்லவில்லை, இப்போது இதைச் சொல்கிறேன்.

அடுத்தது முகம் என்றார் மிஸ். முகம்தான் இந்தப் பிள்ளைகளுக்கு ஆகக் கஷ்டமாம். வாய் அசையும், கண் அசையும், அதற்குள் சத்தமும் வரும். யாராவது ஒருவர் கறுப்புத் துணிக்கு முன்னால் பேசாமல், அசையாமல் இருக்க வேண்டும். நான் இருக்கிறேன் என்றேன். வாய் மூடிக்கொண்டு இருக்க உங்களுக்கு ஏலாது என்று உம்மா சிரித்தாள். மஞ்சள் தொப்பி ஒன்று தேடி வாங்கிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். ஹனா முதலில் தொப்பியைப் பார்த்தாள். பல நாள் தொப்பியோடு நின்றாள். ஒரு நாள் கண் தொப்பியிலிருந்து இறங்கி என் முகத்துக்கு வந்தது. தங்கியது. நான் வாயைத் திறக்கவில்லை. அவள் பார்த்தது ஒரு புதிய ஆளைப் பார்க்கிற பார்வை. அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவளுக்கு நான் என்றால் அந்தச் சத்தம். ராசாத்தி, ஒரு தரம், ரெண்டு தரம் என்று கூறுகிற சத்தம். இந்தத் தொப்பிக்காரன் யாரோ. நான் கதைத்தால் அவளுக்கு என்னைத் தெரியும், ஆனால் கண் போய்விடும். கதைக்காவிட்டால் பார்ப்பாள், ஆனால் அது நான் இல்லை. எழும்பி வந்து முகம் கழுவினேன். அழுகை கிழுகை ஒன்றும் இல்லை. அடுத்த நாள் காலை கரையில் பாரைக் கூடையின் முன்னால் நின்று வாயைத் திறந்தேன், குரல் வரவில்லை. "என்ன, தொண்ட கட்டிட்டுதா?" என்று வியாபாரி ஒருவர் கேட்டார். ஓம் என்றேன். என் மச்சான்தான் அன்றைக்கு ஏலம் கூறினான்.

இப்போது அவள் கண் என் முகத்தில் நின்ற பிறகு ஒரே ஒரு சொல் சொல்கிறேன். "ஹனா" என்று மட்டும். முதலில் அந்தச் சொல்லோடு கண் ஓடிவிடும். இப்போது சில நாள் ஓடுவதில்லை. சத்தமும் முகமும் ஒரே ஆள் என்று அவளுக்குச் சேர்ந்து வர இன்னும் காலம் எடுக்கும் என்று மிஸ் சொல்கிறார். எனக்கு அவசரம் இல்லை. நான் இங்கேதான் இருக்கிறேன்.

நீ எடுத்த கோல்களை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். உனக்குப் பின்னால் இரட்டைக் கட்டில், கொடியில் தொங்குகிற உடுப்பு, சுற்றுகிற பேன், யாரோ தேத்தண்ணி ஊற்றுகிறார், நீ நடந்துகொண்டே கையை ஆட்டி, "ஹனா, ஹனா, வாப்பாவப் பாருங்க" என்று கத்துவாய். அவளுடைய மூளைக்கு அது கலியாண வீட்டுக் கூட்டம். அவள் முகத்தைத் திருப்பியதை, நீ தெரியாதவன் என்று எடுத்துக்கொண்டாய். அதற்காக நான் உன்னைக் குறை சொல்லவில்லை; கத்துகிற பழக்கம் என்னிடமிருந்து வந்தது. கறுத்த போர்வை ஒன்றைப் பின்னால் கட்டு. போனைக் கையில் பிடிக்காதே, எதிலாவது சாய்த்து வை. முகத்தில் வெளிச்சம் விழட்டும். பேசாமல் இரு. அவள் வரும்வரை இரு. வராவிட்டால் நாளைக்கும் இரு. அறைக்காரர்களும் அந்தக் கொஞ்ச நேரம் சத்தம் போடாமல் இருந்தால் பெரிய உதவி.

கடைசியாக நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். நீ வெள்ளிக்கிழமை அப்படிச் சொன்ன மறுநாள், ரிஸ்னா உங்கள் கலியாணப் படம் ஒன்றிலிருந்து உன் முகத்தை மட்டும் வெட்டி எடுத்தாள். சுற்றிவரக் கறுப்பாக்கி, விளையாட்டில் பந்து இருந்த இடத்தில் அதை வைத்தாள். என்னிடம் கேட்கவில்லை. அறைக்குப் போன பிறகுதான் நான் பார்த்தேன். திரையில் உன் முகம் வந்தது. ஹனா பொறுத்துப் பொறுத்து, கண்ணைக் கொண்டுவந்து உன்னில் வைத்தாள். அசையாத முகம், சத்தம் இல்லாத முகம், அவளுக்கு லேசாக இருந்திருக்கும். நன்றாகப் பார்த்தாள். பிறகு கையை நீட்டி உன் கன்னத்தில் வைத்தாள். டிங் என்றது. நீ மறைந்துவிட்டாய்.

தொட்டால் போகும், பிறகு தானாக வரும், அதுதான் விளையாட்டு. ஆனால் படத்தை மாற்றும்போது ரிஸ்னா எங்கேயோ பிழை விட்டிருக்கிறாள். நீ திரும்ப வரவில்லை. வெறும் கறுப்புதான் இருந்தது. பந்து வரச் சுணங்கினால் ஹனா தலையைத் திருப்பிக்கொள்வாள், அவ்வளவுதான் அவளுக்கு. அன்றைக்குத் திருப்பவில்லை. கையை எடுத்து மறுபடி வைத்தாள். பிறகு மேலே வைத்தாள், ஓரத்தில் வைத்தாள். குனிந்து முகத்தைத் திரைக்குக் கிட்டக் கொண்டுபோனாள். ரிஸ்னா படத்தைத் திரும்பக் கொண்டுவரப் பார்த்தாள், வரவில்லை. நான் வெளியே வந்து மிஸ்ஸுக்குக் கோல் எடுத்தேன். எதைத் தட்டினால் சரிவரும் என்று கேட்கத்தான் எடுத்தேன். "இல்லாமப் போனதத் தேடுறாவா?" என்று மிஸ் திரும்பத் திரும்பக் கேட்டார். ஓம் என்றேன். "அங்கிள், இது பெரிய முன்னேற்றம். கண்ணுக்கு முன்னால இல்லாட்டியும் அது எங்கேயோ இருக்கு எண்டு அவவுக்கு விளங்கிட்டு. இவ்வளவு நாளும் அவ ஒண்ணையும் தேடல்லதானே" என்றார். அவருக்குச் சரியான சந்தோஷம். நல்லது மிஸ் என்று சொல்லிப் போனை வைத்தேன். உள்ளே போய்ப் பார்த்தேன். பிள்ளை இன்னும் கறுப்புத் திரையைத் தடவிக்கொண்டிருந்தாள். கிணற்றடிக்குப் போனேன். அங்கே நின்று அழுதேன், மகன். டொக்டர் சொன்ன நாளைக்கு வந்திருக்க வேண்டிய அழுகை.

அவள் முதன்முதலாகத் தேடியது உன்னைத்தான். இனி நீ கையெழுத்துப் போடுவதும் போடாததும் உன் இஷ்டம்.

வாப்பா